அத்தைக்கு அரைத்துத்தான் கொடுக்கிறேன், இளைத்துக்கொண்டே போகிறார்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் முகத்தின் வலது பக்கமும் இன்னும் பலவீனமாக இருக்கின்றன. சில வாரங்கள் மூக்குக் குழாய் வழியாக உணவு போனது. குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது தாளில் 'அரைத்த உணவு மட்டும்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் சமைப்பதையே எல்லாம் சேர்த்து மிக்ஸியில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து ஊட்டுகிறேன். பத்து ஸ்பூன் போனதும் வாயை இறுக மூடிக்கொள்கிறார். அவ்வப்போது இருமல் வருகிறது. 54 கிலோ இருந்தவர் இப்போது 48 கிலோ. இத்தனை வருடம் வீட்டுக்கே சமைத்துப் போட்டவர், கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மறுபடியும் குழாய் போட்டுவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார். அத்தைக்குச் சாப்பிடும் ஆசையே போய்விட்டதா, நான் அரைப்பதில்தான் தவறா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அத்தைக்கு ஆசை போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பசி இல்லாதவர் முதல் ஸ்பூனிலேயே வாயை மூடியிருப்பார். பத்து ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு நிறுத்துகிறவர் களைத்துப்போய் நிறுத்தலாம், பயந்து நிறுத்தலாம், ருசி இல்லாமல் நிறுத்தலாம். இந்த மூன்றையும் நம்மால் ஓரளவு சரிசெய்ய முடியும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அந்த ஒற்றை வரியோடு உங்களை அனுப்பிவைத்ததுதான் குறை. விழுங்கல் சிகிச்சையாளராக இத்தனை வருடம் வேலை பார்த்தும், அந்த ஒற்றை வரித் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மாத்திரை எழுதினால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதுகிறோம். உணவின் பதத்தையும் அப்படித்தான் எழுதித் தர வேண்டும்.

அடுப்படிக்குப் போவதற்கு முன் ஒன்று. 54 கிலோவிலிருந்து 6 கிலோ குறைவது என்பது பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். நான்கு மாதத்தில் இவ்வளவு இளைத்தால் தாமதிக்கக் கூடாது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும் திறனை மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே படமாகப் பார்க்கும் சோதனை உண்டு. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்க்கும் சோதனையும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் திறன் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு அனுப்பியபோது தந்த அறிவுரை இன்றைக்கும் பொருந்துமா என்று வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. நான் எழுதுவதும் அந்தச் சோதனைக்கு மாற்று ஆகாது. அதுவரை அரைத்த பதத்தைச் சரியாகக் கொடுப்பது எப்படி என்றுதான் சொல்லப்போகிறேன்.

நாம் விழுங்கும்போது தொண்டையில் நடப்பது ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. குரல்வளை மேலே எழும்பும், குரல் நாண்கள் ஒட்டிக்கொள்ளும், குரல்வளை மூடி சாய்ந்து மூச்சுக்குழாயை மறைக்கும். அந்த இடைவெளியில் உணவு பின்பக்கமாக உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மூடல் சற்றுத் தாமதமாகலாம், அரைகுறையாகவும் நடக்கலாம். கெட்டியான விழுது நாக்கின் மேல் உருண்டையாக நின்று மெதுவாக நகரும். அதனால் தொண்டைக்குத் தயாராக நேரம் கிடைக்கிறது. தண்ணீர் நிற்காது. தொண்டை மூடுவதற்குள் ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். இதைத்தான் நாம் புரை ஏறுவது என்கிறோம். இருமல் வந்தால் உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது என்று பொருள். சிலருக்கு அந்த இருமலும் வராது, சத்தமே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும்: விழுங்கியதும் குரல் நீர்க்கோத்தது போல் கரகரப்பது, கண்ணில் நீர் வருவது, சாப்பிடும்போது மூச்சு வேகமாவது, காரணம் தெரியாத காய்ச்சல். இருமலோடு காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

இப்போது நீங்கள் விடும் அந்த ஒரு டம்ளர் தண்ணீரைப் பற்றி. மிக்ஸி சுற்ற வேண்டுமே என்றுதான் விட்டிருப்பீர்கள். அது இரண்டு வகையில் அத்தைக்கு எதிராக வேலை செய்கிறது. உணவு ஓடும் பதத்துக்குப் போய்விடுவதால் புரை ஏறும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு கிண்ணத்துச் சத்து இரண்டு கிண்ணமாகப் பெருகுவதால், அவர் சாப்பிடும் பத்து ஸ்பூனில் ஐந்து ஸ்பூன் சாப்பாடுதான் இருக்கிறது. அவர் இளைத்ததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பதத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் முறை ஒன்று இருக்கிறது. ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேசக் குழு வகுத்தது. பானங்களும் உணவுகளும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளில் அடங்கும். தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. அரைத்த உணவு 4-ஆம் படி. உங்கள் தாளில் இந்த எண் இருந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உணவுக்கு ஓர் எண், தண்ணீர், டீ போன்றவற்றுக்கு ஓர் எண், இரண்டும் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.

4-ஆம் படியைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு முள்கரண்டியும் ஒரு ஸ்பூனும் போதும். விழுதை முள்கரண்டியில் அள்ளிப் பிடியுங்கள். அது மேலே குவிந்து நிற்க வேண்டும். பற்களுக்கு இடையே சின்ன வால் போலத் தொங்கலாம். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தால் நீர்த்துவிட்டது என்று பொருள். அடுத்து ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். அதே உருவத்தோடு முழுதாக வழுக்கி விழ வேண்டும், லேசாக உதறினால் போதும் என்ற அளவில். ஸ்பூனை விடாமல் பசை போல ஒட்டினால் தொண்டையிலும் அப்படித்தான் ஒட்டும். ஓடுவது எவ்வளவு ஆபத்தோ ஒட்டுவதும் அவ்வளவு ஆபத்து. வீடுகளில் பெரும்பாலும் முதலாவதைத்தான் கவனிக்கிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். விழுதைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து நிற்கவும் கூடாது. ஒரே வாயில் கட்டியும் நீரும் கலந்து வந்தால் சமாளிப்பது மிகவும் கடினம். சோதனையைச் சூடாக அரைத்த கையோடு செய்யாதீர்கள், ஊட்டப்போகும் சூட்டில் செய்யுங்கள். ஆற ஆறப் பதம் மாறிவிடும்.

இனி அரைக்கும் முறை. எல்லாவற்றையும் சேர்த்து அரைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக அரையுங்கள். வேலை கூடும், தெரியும். ஒரே நாளில் நிறைய அரைத்துச் சிறு பங்குகளாக ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் தினமும் அந்தப் பாடு இல்லை. ஐஸ் கட்டித் தட்டு இதற்குக் கச்சிதமான அளவு.

முதலில் உணவு கையால் நசுக்கினால் மசியும் அளவுக்குக் குழைய வேக வேண்டும். வெந்ததை மட்டும் சூடாக ஜாரில் போட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு டீஸ்பூன் டீஸ்பூனாகத் திரவம் சேருங்கள். ஊற்றியதை எடுக்க முடியாது, அதனால் பொறுமையாக. அந்தத் திரவம் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டாம். காய் வெந்த நீர், இறைச்சி வெந்த சாறு, பால், கிரீம், எதுவானாலும் தண்ணீரை விட நல்லது. கடைசியில் சல்லடையில் தேய்த்து வடித்துவிடுங்கள். மிக்ஸி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பட்டாணித் தோலும் சோள உமியும் தக்காளி விதையும் கீரை நாரும் தப்பிவிடும். சல்லடையில் தங்கும் திப்பியை ஒரு தடவை பார்த்தால், இத்தனை நாள் அத்தை எதற்கு இருமினார் என்று உங்களுக்கே புரியலாம்.

சோறுதான் கொஞ்சம் படுத்தும். அரைத்தால் மாவுச்சத்து பசையாகிவிடும், ஆறினால் இன்னும் இறுகும். அதிக நீரில் கஞ்சிப் பதத்துக்குக் குழைய வேகவிட்டு, சூட்டோடு வெண்ணெயோ எண்ணெயோ சேர்த்து அரைத்தால் பிசுபிசுப்பு குறையும். அப்போதும் ஸ்பூன் சோதனையில் ஒட்டினால் கொடுக்காதீர்கள். ஒட்டுகிற சோற்றை விட ஒட்டாத பருப்பு மேல். உருளைக்கிழங்கை மிக்ஸியில் போடவே போடாதீர்கள். வேகமாகச் சுற்றும் கத்தி அதன் மாவுச்சத்தை உடைத்துப் பசையாக்கிவிடும். வேகவைத்துச் சூட்டோடு மசித்து, சல்லடையில் தேய்த்து, சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்தால் போதும், பட்டு மாதிரி வரும்.

கோழியும் இறைச்சியும் அரைத்தால் மணல் மணலாக நிற்கும். ஈரம் போதாததுதான் காரணம். மெல்லிய தீயில் நீண்ட நேரம் வேகவிட்டு, அந்தச் சாற்றோடு சூடாக அரைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். மீனில் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்த பிறகே அரைக்க வேண்டும். சல்லடையை நம்பி விடாதீர்கள். முட்டையை அவித்து அரைப்பதை விட, பாலில் அடித்து ஆவியில் மென்மையாக வேகவைத்து அரைத்தால் வழவழப்பாக வரும். பழங்களில் வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள், நார் இல்லாத மாம்பழம் எளிது. ஆரஞ்சு, தர்பூசணி போன்றவை அரைத்ததும் சாறு பிரிந்துவிடும், கெட்டிப்படுத்தாமல் கொடுக்கக் கூடாது.

கெட்டிப்படுத்தும் தூளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தால் செய்தது ஒரு வகை, சாந்தன் கம் என்ற பிசினால் செய்தது இன்னொரு வகை. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும், சாந்தன் கம்மைத் தொடாது. இது புத்தக விஷயம் என்று நினைக்காதீர்கள். வாயிலிருந்து வரும் ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விடும்போது எச்சிலும் சேர்கிறது. மாவால் கெட்டியாக்கிய உணவு சாப்பிட்டு முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே இளகிவிடலாம். தொடக்கத்தில் நன்றாகச் சாப்பிட்டவர் கடைசியில் இருமுவதற்கு இது ஒரு காரணம். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள். மீதி தனியாக மூடி இருக்கட்டும். மலச்சிக்கலுக்கு மேக்ரோகால் தூள் கொடுத்தால், அதை மாவுச்சத்துத் தூள் சேர்த்த பானத்தில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கெட்டியானது மறுபடி தண்ணீராகிவிடும்.

அவர் சாப்பிடும் அளவு உடனே அதிகமாகிவிடாது. அதனால் ஒவ்வொரு ஸ்பூனையும் கனமாக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. காய் விழுதில் அதைக் கலந்தால் அளவு அவ்வளவாக ஏறாமலே சத்து கூடிவிடும். பாலில் பால்பவுடர் கரைத்து, அந்தப் பாலையே அரைக்கப் பயன்படுத்துங்கள். கெட்டித் தயிர், கிரீம், வழவழப்பாக அரைத்த நிலக்கடலை விழுதைப் பாலில் இளக்கியது, எல்லாம் உதவும். நிலக்கடலை விழுதை அப்படியே மட்டும் தராதீர்கள், பயங்கரமாக ஒட்டும். மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ கொழுப்புப் பிரச்சினையோ இருந்தால் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. நான் படித்த காலத்தில் மாணவர்களை எதிரெதிரே உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, ஒருவருக்கு ஒருவர் எல்லாம் சேர்த்து அரைத்த உணவை ஊட்டச் சொன்னார்கள். நான்காவது ஸ்பூனில் எனக்கு வாய் தானாக மூடிக்கொண்டது. என்ன சாப்பிடுகிறேன் என்றே தெரியவில்லை, அடுத்த ஸ்பூன் எப்போது வரும் என்றும் தெரியவில்லை. உங்கள் அத்தை குழாயை எடுத்த நாளிலிருந்து அதைச் சாப்பிடுகிறார், அதுவும் இத்தனை வருடம் சமையலை ஆண்ட நாக்கோடு.

தட்டில் மூன்று விழுதுகளைத் தனித்தனியாக வையுங்கள். வெள்ளை, பச்சை, ஆரஞ்சு என்று நிறம் தெரியட்டும். அரைத்தால் உப்பும் மணமும் மங்கிவிடும், அரைத்த பிறகு மறுபடி ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள். சில துளி எலுமிச்சை நிறைய பேருக்கு வாயை விழிக்கவைக்கும், விழுங்கவும் தூண்டும். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முன் "இது கோழி, அத்தை", "இது கேரட்" என்று சொல்லுங்கள். சமைக்கும்போது அவர் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு, வாசனை அவருக்குப் போகட்டும். விழுதின் ஒரு துளியை நாக்கில் வைத்து "உப்பு போதுமா அத்தை?" என்று கேளுங்கள். தலையை ஆட்டினால் அவர் சொன்னபடி மாற்றுங்கள். தன் சமையல் இன்னும் தன் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் அவரும் சாப்பிடட்டும். ஆனால் வாயில் உணவு இருக்கும்போது யாரும் அவரிடம் கேள்வி கேட்க வேண்டாம், டிவியும் ஓட வேண்டாம்.

ஊட்டும்போது படுக்கையில் சாய்த்து வைக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் பட உட்காரவையுங்கள். நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், தலை பின்னால் சாய்ந்தாலே மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், வாயின் நல்ல பக்கமாக, அதாவது இடது பக்கமாக வையுங்கள். தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. வலது கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கும், அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். முப்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். களைத்த தொண்டை கவனமாக விழுங்காது. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். பல்லையும் நாக்கையும் தினமும் இரண்டு வேளை துலக்கிவிடுங்கள். வாயில் கிருமி குறைந்தால், எச்சில் தவறி உள்ளே போனாலும் நுரையீரல் தொற்று வரும் வாய்ப்பு குறைகிறது.

அன்பினால் யாராவது டீயில் நனைத்த பிஸ்கட்டோ ரொட்டியோ கொடுப்பார்கள். அது ஒரே வாயில் கட்டியும் நீருமாக வரும், இப்போதைக்கு வேண்டாம். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும். மாத்திரைகளைப் பொடித்துக் கலப்பதற்கு முன் மருந்தாளரைக் கேளுங்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பானங்கள் கெட்டியாக இருப்பதால் குடிப்பது குறைந்துவிடும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஃப்ரீசரில் இருப்பதை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, ஆவி பறக்கச் சூடாக்கி, நன்றாகக் கிளறி, ஆறவைத்து, மறுபடி முள்கரண்டியில் பாருங்கள். மைக்ரோவேவில் ஓரம் காய்ந்து கட்டியாகும், நடுவில் சூடு சரியாக ஏறாது. ஒரு முறை சூடாக்கியது மீந்தால் கொட்டிவிடுங்கள்.

உங்கள் கணவர் கேட்டதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அம்மா கண்ணெதிரே இளைப்பதைப் பார்க்கிற மகன் வேறு எதைக் கேட்பார். சோதனையில் எந்தப் பதமும் பத்திரமில்லை என்று தெரிந்தாலோ, பதம் சரியாகியும் எடை இறங்கிக்கொண்டே இருந்தாலோ குழாய் தேவைப்படும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில் கொஞ்சம் வாயால், மீதி குழாயால் என்று இருப்பவர்களும் உண்டு. மாறாக, திறன் கூடியிருந்தால் அடுத்த 5-ஆம் படிக்கும் அனுமதிக்கலாம். அது முள்கரண்டிப் பற்களின் இடைவெளி அளவுக்கு, 4 மில்லிமீட்டர் துணுக்குகளாக நறுக்கிய, ஈரமான, மென்மையான உணவு. முடிவைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

சோதனைக்குப் போகும் அன்று வெறும் கையோடு போகாதீர்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் எடுத்த எடையையும், எப்போது எதைச் சாப்பிட்டபோது இருமினார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் அரைத்த விழுதையும், அத்தை குடிக்கும் பானத்தையும், நீங்கள் ஊட்டும் ஸ்பூனையும் டப்பாவில் எடுத்துப்போய், "இதையே இவருக்குக் கொடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள்.